மூன்றாம் இடம் யாருடையது? இருபத்து நான்கு மணி நேரப் பந்தயமும் தமிழ் ரசிகரும்

ஒரு பந்தயத்தில் வென்றவர் யார் என்பது பார்த்த கணத்திலேயே தெரிந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் பெரும்பாலான விளையாட்டுகள் ரசிகரைத் தம் பக்கம் இழுக்கின்றன. கோட்டை முதலில் தொட்டவர், கூடுதல் ரன் எடுத்த அணி, முதுகு மண்ணில் படாத மல்லர் என்று வெற்றியின் அடையாளம் கண்முன்னே நிற்கும். எண்டூரன்ஸ் என்று வழங்கும் நெடுநேரக் கார் பந்தயத்தில் அப்படி ஓர் ஒற்றை அடையாளம் கிடையாது. ஆறு, பன்னிரண்டு அல்லது இருபத்து நான்கு மணி நேரம் என்று காலத்தை முதலில் வரையறுத்துக்கொண்டு, அந்தக் காலத்துக்குள் அதிகச் சுற்றுகளை முடிக்கும் கார் எது என்று பார்ப்பதே இதன் அடிப்படை. ஒரே காரை மூவரோ நால்வரோ முறைவைத்து ஓட்டுவார்கள். வேகத்திலும் விலையிலும் வேறுபட்ட பல வகைக் கார்கள் ஒரே தடத்தில் ஒரே நேரத்தில் ஓடும். ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியே முதல், இரண்டு, மூன்று என்று இடங்கள் உண்டு. விதி தெரியாமல் இதைப் பார்க்கும் ஒருவருக்கு, கண்ணெதிரே முன்னால் போகும் கார் உண்மையிலேயே முன்னிலையில் இருக்கிறதா, ஐம்பது சுற்று பின்தங்கிக் கிடக்கிறதா என்பதுகூடப் புலப்படாது.

இத்தகைய பந்தயம் ஒன்றைப் பற்றித் தமிழ் வீடுகளில் பரவலாகப் பேச்சு எழுந்தது 2025 ஜனவரியில். நடிகர் அஜித் குமார் தம் பெயரிலேயே தொடங்கிய அணி துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் கலந்துகொண்டு, தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது. அந்த மூன்றாம் இடத்தைத் தமிழ் ரசிகர்கள் எவ்வாறு புரிந்துகொண்டார்கள், அதைப் புரிந்துகொள்ள அவர்கள் எந்த விதிகளைக் கற்க வேண்டியிருந்தது, ஒற்றை நாயகனைக் கொண்டாடிப் பழகிய ஒரு ரசனை, ஒற்றை நாயகனுக்கு இடமே தராத ஒரு விளையாட்டோடு எப்படி உறவு கொண்டது என்பவையே இங்கு ஆராயப்படுகின்றன.

இதைப் புதுச்சேரி நகரிலிருந்து பார்ப்பதற்குக் காரணம் உண்டு. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வரும் வரை இந்நகர் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது; சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்று நிறைவடைந்தது. நெடுநேரக் கார் பந்தயத்தின் தாய்வீடு பிரான்சு. அங்குள்ள ல மான் நகரில் 1923 முதல் நடந்துவரும் 24 மணி நேரப் பந்தயமே உலகெங்கும் உள்ள பிற பந்தயங்களுக்கெல்லாம் முன்மாதிரி. ஆங்கில எழுத்தைப் பார்த்து லே மான்ஸ் என்று எழுதுவது தமிழ் இதழ்களின் வழக்கமானாலும், பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்கள் இன்றும் வாழும் இந்நகரில் அதை ல மான் என்று சொன்னால் விளங்கும். ஆண்டுதோறும் ஜூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் அங்கே மாலை 4 மணிக்குக் கொடி அசையும்போது புதுச்சேரியில் இரவு 7.30 ஆகியிருக்கும். மாலை 6 மணிக்கே வாகனங்கள் தடுக்கப்பட்டு, கடற்கரைச் சாலை முழுவதும் நடப்பவர்களின் கையில் இருக்கும் நேரம் அது. அதே கணத்தில் 13.626 கிலோமீட்டர் நீளமுள்ள தடம் ஒன்றில் அறுபதுக்கு மேற்பட்ட கார்கள் மறுநாள் இதே நேரம் வரை நிற்காமல் ஓடுவதற்காகப் புறப்படுகின்றன.

ஆயினும் ல மான் பந்தயம் புதுச்சேரி மக்களின் பொது நினைவில் வேரூன்றியதாகச் சொல்ல முடியாது. சொல்தா என்று இன்றும் ஊரில் அழைக்கப்படும் பிரெஞ்சுப் படை ஓய்வூதியர்களின் குடும்பங்கள் வழியாகவும், பிரான்சில் குடியேறிய உறவினர் வழியாகவும் பிரான்சோடு உயிருள்ள தொடர்பு நீடிக்கிறது. ஆனால் அந்தத் தொடர்பில் வந்து தங்கிய விளையாட்டு பெத்தாங்க் என்னும் இரும்புக் குண்டு ஆட்டமே தவிர, கார் பந்தயம் அன்று. ஒரு துண்டு மணல்தரையும் ஆறு குண்டும் இருந்தால் ஆடிவிடக்கூடிய ஆட்டத்துக்கும், தடமும் பெரும்பணமும் பொறியாளர் படையும் வேண்டிய பந்தயத்துக்கும் உள்ள வேறுபாடு இது. மறுபுறம், தமிழ்த் திரைப்பட நடிகர்களுக்கு எழும் பேனரும் பாலபிஷேகமும் புதுச்சேரியில் விழுப்புரத்துக்கோ கடலூருக்கோ சற்றும் குறைந்ததில்லை. ஆக, பந்தயம் பிறந்த நாட்டின் மொழியும் அதைத் தமிழருக்கு அறிமுகம் செய்த ரசிகப் பண்பாடும் ஒருங்கே வாழும் நகரம் இது.

ல மான் பந்தயத்தின் வரலாறு ஒருவகையில் ரசிகரின் கண்ணுக்கும் விதிப் புத்தகத்துக்கும் இடையே நடந்த நீண்ட வழக்கின் வரலாறு. 1923 மே 26, 27 நாட்களில் நடந்த முதல் பந்தயத்தில் 33 கார்கள் புறப்பட்டு 30 கார்கள் முடித்தன; லகாஷ், லெயோனார் என்ற இருவர் ஓட்டிய காரே மிக அதிகத் தொலைவு சென்றது. ஆயினும் விதிப்படி அன்று வென்றவர் என்று ஒருவர் அறிவிக்கப்படவில்லை. இயந்திரத்தின் அளவுக்கேற்ப ஒவ்வொரு காருக்கும் குறைந்தபட்சத் தொலைவு ஒன்று விதிக்கப்பட்டிருந்தது. அதை எட்டிய கார்கள் மூன்று ஆண்டுகள் தொடரும் ஒரு கோப்பைக்கான போட்டியில் தொடரும் தகுதியைப் பெற்றன. காரின் உறுதியைச் சோதிப்பதே அமைப்பாளர்களின் நோக்கமாக இருந்தது. அதை யார் முந்தினார் என்ற கேள்வியாக மாற்றியவர்கள் பார்வையாளர்களும் பத்திரிகைகளும்தான்.

இந்த வழக்கின் மிக ஆழமான பக்கம் 1952இல் எழுதப்பட்டது. பியேர் லெவெக் என்ற பிரெஞ்சு ஓட்டுநர் தம் டால்போ காரில் முன்னணியில் இருந்தார். முறைப்படி ஓட்டுநர் இருக்கையைத் தம் இணை ஓட்டுநரிடம் ஒப்படைக்க வேண்டியவர், அதை மறுத்து, இரவு முழுவதும், மறுநாள் பகல் முழுவதும் தாம் ஒருவராகவே ஓட்டினார். போர் முடிந்து ஏழே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம். பின்னால் துரத்தி வந்தவை ஜெர்மனியின் மெர்சிடிஸ் கார்கள். தன்னந்தனியாக நாட்டின் மானத்தைத் தோளில் சுமக்கும் ஒருவராகப் பிரெஞ்சுக் கூட்டம் அவரைக் கண்டதில் வியப்பில்லை. பந்தயம் முடிய ஏறத்தாழ ஒரு மணி நேரமே இருந்தபோது கார் இயந்திரம் உடைந்து நின்றது. முதல் இரண்டு இடங்களும் மெர்சிடிஸுக்குப் போயின. ஒரு மனிதர் தொடர்ந்து ஓட்டக்கூடிய நேரத்துக்கு அதன் பிறகு வரம்பு கட்டப்பட்டது. இன்றைய ல மான் விதியில் ஒருவர் எந்த ஆறு மணி நேரத்திலும் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. மொத்தத்தில் பதினான்கு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. கூட்டம் யாரைக் கொண்டாடியதோ அந்த வகை நாயகன் இனி உருவாகவே கூடாது என்பதுதான் இந்த விதியின் உள்ளடக்கம். அதே லெவெக் 1955இல் மெர்சிடிஸ் காரை ஓட்டியபோது நேர்ந்த விபத்தில், அவரும் எண்பதுக்கு மேற்பட்ட பார்வையாளர்களும் மாண்டார்கள். கார் பந்தய வரலாற்றின் மிகக் கொடிய நாளாக அது நினைக்கப்படுகிறது. பார்வையாளர் நிற்கும் இடத்துக்கும் தடத்துக்கும் இடையே உள்ள வெளி விதியின் பொருளானதும் அதன் பின்னரே.

சில விதிகளை ஓட்டுநர்களே கூட்டத்தின் முன் கேள்விக்கு உட்படுத்தினார்கள். ஓட்டுநர்கள் சாலையின் எதிர்ப்புறம் நின்று, கொடி அசைந்ததும் ஓடிவந்து காரில் ஏறிப் புறப்படுவது ல மானின் புகழ்பெற்ற காட்சி. அந்த அவசரத்தில் இருக்கைப் பட்டையை யாரும் ஒழுங்காகக் கட்டுவதில்லை. 1969இல் ஜாக்கி இக்ஸ் என்ற பெல்ஜிய ஓட்டுநர் ஓடாமல் நடந்தே சென்று, பட்டையை நிதானமாகக் கட்டிக்கொண்டு கடைசி ஆளாகப் புறப்பட்டார். அன்றைய முதல் சுற்றிலேயே வேறொரு ஓட்டுநர் விபத்தில் இறந்தார். மறுநாள் சுமார் நூறு மீட்டர் வேறுபாட்டில் வென்றவர் இக்ஸ். அடுத்த ஆண்டு அந்த ஓட்டத் தொடக்கம் கைவிடப்பட்டது.

விதியின் கடுமை முழுவதும் வெளிப்பட்டது 2016இல். டொயோட்டா அணியின் 5ஆம் எண் கார், பந்தயம் முடிய சில நிமிடங்களே இருந்தபோதும் முன்னிலையில் இருந்தது. அதுவரை ல மானில் ஒருமுறைகூட வென்றிராத அந்நிறுவனத்தின் பல ஆண்டுக் காத்திருப்பு தீரப்போகிறது என்று எல்லோரும் நம்பினார்கள். ஜப்பானிய ஓட்டுநர் கசுகி நகஜிமா ஓட்டிக்கொண்டிருந்த அந்தக் கார் திடீரென்று விசையிழந்து, பெருங்கூட்டம் அமர்ந்திருந்த முதன்மை மாடத்தின் எதிரிலேயே நின்றுபோனது. பின்னால் வந்த போர்ஷே முந்திச் சென்று வென்றது. டொயோட்டா மீண்டும் உயிர்பெற்று, ஊர்ந்து ஊர்ந்து கடைசிச் சுற்றையும் முடித்தது. எனினும் கடைசிச் சுற்றை ஆறு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற விதி இருந்ததால், ஏறத்தாழ இருபத்து நான்கு மணி நேரம் ஓடிய அந்தக் காருக்கு இரண்டாம் இடம்கூடக் கிட்டாமல், பந்தயத்தை முடித்தவர்களின் பட்டியலிலேயே பெயர் இல்லாமல் போனது. பட்டியலில் இல்லாத அந்தக் காரைத்தான் 2016இன் பந்தயம் என்றதும் இன்று வரை ரசிகர் நினைவுகூர்கிறார்கள். விதி ஒரு முடிவைத் தருகிறது, கூட்டத்தின் நினைவு இன்னொரு முடிவைத் தருகிறது. இவ்விரண்டும் ஒன்றையொன்று ரத்து செய்வதில்லை என்பதுதான் இந்த விளையாட்டை நெடுங்காலம் பார்த்தவர்கள் எட்டிய முதிர்ச்சி.

தமிழ்நாட்டின் பந்தய ரசனை இதிலிருந்து வேறுபட்ட வழியில் வளர்ந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானத் தளமான சோழவரத்தில், 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஆண்டுதோறும் நடத்திய பந்தயங்களும், 1990 முதல் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் நடந்தவையும் பெரும்பாலும் குறுகிய நேரப் பந்தயங்களே. வந்து நின்று, சத்தத்தையும் புகையையும் அனுபவித்து, முதலில் வந்தவரைக் கைதட்டி வரவேற்றுவிட்டு வீடு திரும்பும் ரசனை அங்கே உருவானது. ல மானுக்குத் தமிழ்நாட்டு ஓட்டுநர்கள் போகாமலும் இல்லை. கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 2009இல் கோல்லெஸ் அணியின் ஆடி காரில் ஓட்டப் பதிவாகியிருந்து, பந்தயம் தொடங்குவதற்குச் சற்று முன் பிட் சுவரிலிருந்து விழுந்து தோள்பட்டையில் அடிபட்டதால் ஓட்ட முடியாமல் போனார். எஞ்சிய இருவர் மட்டுமே ஓட்டி அந்தக் காரை ஏழாம் இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். சென்னையின் கருண் சந்தோக் 2012இல் அங்கே ஓட்டிய முதல் இந்தியராகி, டேவிட் பிராபம், பீட்டர் டம்ப்ரெக் ஆகியோருடன் ஒட்டுமொத்தத்தில் ஆறாம் இடம் பெற்றார். உலகின் மிகக் கடினமான பந்தயத்தில் பெற்ற ஆறாம் இடம் எவ்வளவு பெரியது என்பதை அன்று தமிழ்நாட்டில் உணர்ந்தவர்கள் மிகச் சிலர். அந்த இடத்தை அளக்கும் கோல் அப்போது நம் கையில் இல்லை என்பதே காரணம்.

2025இல் அந்தக் கோல் வந்தது திரைப்படத்தின் வழியாக. அஜித் குமார் கார் ஓட்டத்துக்குப் புதியவர் அல்லர். 2003இல் ஆசிய அளவிலான ஃபார்முலா பி.எம்.டபிள்யூ தொடரிலும், 2010இல் ஃபார்முலா டூ தொடரிலும் ஓட்டியவர். ரசிகரோடு அவர் கொண்ட உறவும் தனித்தன்மையுடையது. 2011 ஏப்ரலில், தம் நாற்பதாம் பிறந்தநாளுக்கு முன், ரசிகர் மன்றங்களைக் கலைத்தார். 2021இல் தல என்ற பட்டத்தைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொண்டார். 2024 டிசம்பரில், பொது இடங்களில் தம்மைக் கடவுளாக விளித்து எழுப்பப்பட்ட கோஷத்தை நிறுத்தும்படி அறிக்கை விட்டார். தம் ரசிகருக்குத் தாமே விதி வகுக்கும் நடிகர் என்று அவரைச் சொல்லலாம். ரசிகர்கள் இவ்விதிகளை முழுவதும் கடைப்பிடித்தார்கள் என்றோ முழுவதும் மீறினார்கள் என்றோ சொல்ல முடியாது; மன்றம் கலைந்தது, கூட்டம் கலையவில்லை.

2025 பொங்கலுக்கு வரவேண்டிய விடாமுயற்சி திரைப்படம் அப்போது வெளிவராது என்ற அறிவிப்பு 2024 முடியும் தறுவாயில் வந்தது. துபாய் பந்தயம் ஜனவரி 11, 12 நாட்களில், அதாவது பொங்கலுக்கு முந்தைய வார இறுதியில் அமைந்தது. திரையரங்க வாசலில் செலவாகியிருக்க வேண்டிய பண்டிகை உற்சாகம் முழுவதும், 5.39 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு பாலைவனத் தடத்தின் மீது திரும்பியதற்கு இந்தத் தற்செயலும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு. அமீரகத்தில் வேலை செய்யும் தமிழர்கள் மாடங்களை நிறைத்தார்கள். ஊரில் இருந்தவர்கள் கைப்பேசியில் நேரலையைப் பார்த்தார்கள். முதல் நாள் முதல் காட்சிக்குப் பழகிய கண்கள் இருபத்து நான்கு மணி நேரம் நீளும் ஒரே காட்சியைப் பார்க்க உட்கார்ந்தபோது, விதிகள் ஒவ்வொன்றாக அவர்கள் முன் வந்து நின்றன.

முதலாவது, வகைப் பிரிவு. அந்தப் பந்தயத்தில் மிக வேகமானவை ஜி.டி.3 என்ற பிரிவின் கார்கள். ஒட்டுமொத்த வெற்றி அவற்றுள் ஒன்றுக்கே போகும் என்பது தொடங்கும் முன்பே ஏறத்தாழ உறுதி. அஜித் அணியின் 901ஆம் எண் கார், 992 என்ற பிரிவைச் சேர்ந்தது. இப்பிரிவில் எல்லோரும் ஓட்டுவது போர்ஷே நிறுவனத்தின் ஒரே மாதிரியான கார்தான் என்பதால், வண்டியின் தரத்தைக் காட்டிலும் ஓட்டுநரின் நிதானமும் அணியின் திட்டமும் இங்கே அதிகம் பேசும். ஆகவே மூன்றாம் இடம் என்றால் தடத்தில் இருந்த எல்லாக் கார்களிலும் மூன்றாவது என்று பொருளில்லை. ஒரே மாதிரிக் கார்களுக்கிடையே மூன்றாவது என்று பொருள். தலைப்புச் செய்திகள் பலவும் பிரிவின் பெயரை விட்டுவிட்டு மூன்றாம் இடம் என்று மட்டும் எழுதியது வருந்தத்தக்கது. பிரிவைச் சொல்லியிருந்தால் அந்த வெற்றி சிறுத்திருக்காது, தெளிந்திருக்கும்.

இரண்டாவது, கோட் 60 என்ற விதி. விபத்து நேர்ந்தால் பிற பந்தயங்களில் பாதுகாப்பு கார் ஒன்று வந்து மற்றவற்றை வரிசைப்படுத்தி மெல்ல நடத்திச் செல்லும். துபாய்ப் பந்தயத்தை நடத்தும் கிரெவென்டிக் என்ற டச்சு நிறுவனம் அதற்குப் பதிலாக ஊதாநிறக் கொடி காட்டி, தடத்தில் உள்ள எல்லாக் கார்களும் இருந்த இடத்திலிருந்தே மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்துக்குள் வரவேண்டும் என்று ஆணையிடுகிறது. இதனால் கார்களுக்கிடையே இருந்த இடைவெளி அழிவதில்லை. எல்லோரும் ஊரும் அந்த நேரத்தில் எரிபொருள் நிரப்பவும் டயர் மாற்றவும் உள்ளே வரும் கார் இழக்கும் நேரம் குறைவு என்பதால், ஊதாக் கொடி தோன்றிய நொடியில் எடுக்கும் முடிவு சில நேரங்களில் மணிக்கணக்கான ஓட்டத்தைவிட மதிப்புடையதாகிறது. கார்கள் ஊர்வதைக் கண்டு பந்தயம் நின்றுவிட்டது என்று நினைத்த புதிய ரசிகருக்கு, உண்மையில் அப்போதுதான் பந்தயம் சூடுபிடிக்கிறது என்று இந்த விதி சொல்லிக்கொடுத்தது.

எல்லாவற்றிலும் முக்கியமான மூன்றாவது விதியைத் துபாயில் ஒரு விபத்துதான் ரசிகருக்குக் கற்றுக்கொடுத்தது. பந்தயத்துக்கு முன், ஜனவரி 7 அன்று நடந்த பயிற்சியில், அஜித் ஓட்டிய கார் தடுப்பில் மோதிப் பலமுறை சுழன்று நின்றது. பிரேக் கோளாறே காரணம் என்று அணி தெரிவித்தது. அவர் காயமின்றி நடந்து வெளியே வந்தார். பிறகு அணியின் நலனையும் நீண்ட பந்தயப் பருவத்தையும் கருதி, 901ஆம் காரை ஓட்டுவதிலிருந்து அவர் விலகி உரிமையாளராக மட்டும் நீடிப்பார் என்றும், வேறொரு அணியின் 414ஆம் எண் கேமன் ஜி.டி.4 காரை ஓட்டுவார் என்றும் அறிவிக்கப்பட்டது. 901ஆம் காரை மாத்தியூ டெட்ரி, ஃபேபியன் டுஃபியூ, கேமரன் மெக்லியாட் ஆகிய மூவரும் ஓட்டினார்கள். ஆக, மூன்றாம் இடம் பெற்ற காரைப் பந்தயத்தில் அஜித் ஓட்டவில்லை. அவர் ஓட்டிய காருக்கு, அதன் பிரிவில், பந்தயத்தின் உணர்வைப் போற்றும் விருது கிட்டியது.

அப்படியானால் மூன்றாம் இடம் யாருடையது? திரைப்பட ரசனையின் இலக்கணத்தில் இந்தக் கேள்விக்கு விடையே இல்லை. நாயகன் தோன்றாத சண்டைக் காட்சியில் நாயகன் வென்றான் என்று யாரும் சொல்வதில்லை. மாற்று நடிகரின் ரசிகர்கள் ஓட்டாதவருக்கு வெற்றியா என்று கேட்பதும் அந்த இலக்கணத்தின்படி நியாயமே. நெடுநேரப் பந்தயத்தின் இலக்கணம் வேறு. அந்த மூன்றாவது விதிப்படி, இங்கே பந்தயத்தில் நுழைவது கார். அதற்குப் பொறுப்பேற்பது அணி. ஓட்டுநர்கள், பொறியாளர்கள், டயர் மாற்றுபவர்கள் எல்லோரும் அதன் உறுப்புகள். தாம் ஓட்டினால் அணியின் வாய்ப்பு குறையும் என்று தெரிந்து விலகும் உரிமையாளர், பந்தயத்தை ஓட்டியவரைவிடக் குறைவாகப் பங்களித்தவர் அல்லர். 1952இல் லெவெக் இருக்கையைக் கொடுக்க மறுத்தார், 2025இல் அஜித் இருக்கையைக் கொடுத்தார் என்று இரு நிகழ்வுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இந்த விளையாட்டு எழுபது ஆண்டுகளாக எதைக் கற்பிக்க முயன்றதோ அது தெளிவாகத் தெரியும். தேசியக் கொடியை ஏந்தி அவர் அணியினரோடு மகிழ்ந்த காட்சியைக் கொண்டாடிய ரசிகர்கள், பெயர் உச்சரிக்கவே பழகியிராத மூன்று வெளிநாட்டு ஓட்டுநர்களின் உழைப்பையும் அறிந்தோ அறியாமலோ சேர்த்தே கொண்டாடினார்கள். அதைத் தமிழ் ரசிகப் பண்பாட்டில் நேர்ந்த உண்மையான நகர்வாகவே கொள்ள வேண்டும்; வெறும் நட்சத்திர மயக்கம் என்று ஒதுக்குவது அந்த ரசிகருக்குச் செய்யும் அநீதி.

திரையில் ஒளிர்ந்த ஒருவர் இவ்விளையாட்டில் இறங்கியதற்கு முன்னுதாரணங்கள் உண்டு. அமெரிக்க நடிகர் பால் நியூமன் 1979இல், தம் 54ஆம் வயதில், ல மானில் போர்ஷே 935 காரை மற்ற இருவரோடு ஓட்டி ஒட்டுமொத்தத்தில் இரண்டாம் இடம் பெற்றார். படம் எடுப்பவர்களின் கூட்டம் அங்கே அவரை மொய்த்தது. அதன் பின் அவர் ல மானில் ஓட்டவில்லை. ஐம்பது வயதைக் கடந்தவர் இருபது வயதுத் தொழில்முறை ஓட்டுநரோடு ஒரே தடத்தில் ஓட முடிவதும் விதியின் கொடையே. சர்வதேச மோட்டார் கூட்டமைப்பு ஓட்டுநர்களை வயதையும் சாதனையையும் கொண்டு பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று நான்கு தரங்களாகப் பிரிக்கிறது. பல பிரிவுகளில் ஓர் அணியில் தாழ்ந்த தரத்தார் ஒருவரேனும் இருந்தாக வேண்டும், அவர் இத்தனை நேரம் ஓட்டியாக வேண்டும் என்ற கட்டாயமும் உண்டு. ஆர்வலருக்கு இப்படிச் சட்டப்படியான இடத்தை ஒதுக்கிக் கொடுக்கும் பெரிய விளையாட்டுகள் உலகில் அரிது.

துபாயில் அளித்த பேட்டி ஒன்றில், தமக்கும் நடிகர் விஜய்க்கும் வாழ்க என்று முழங்கும் இளைஞர்கள் தாங்கள் எப்போது வாழப்போகிறார்கள் என்று அஜித் கேட்டது தமிழ்நாடெங்கும் பேசப்பட்டது. அதே ஆண்டில் இத்தாலியின் முகெல்லோ 12 மணி நேரப் பந்தயத்தில் அவர் அணி தன் பிரிவில் மூன்றாவதாகவும், பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் இரண்டாவதாகவும் வந்தது. துபாயின் பரபரப்பு இவற்றுக்கு இல்லை. ஆயினும் இத்தகைய பந்தயத்தில் ஒரு மூன்றாம் இடத்தைவிட, தொடர்ந்து வரும் இரண்டாம், மூன்றாம் இடங்களுக்குத்தான் எடை அதிகம். ரசிகர் அந்த எடையை உணரும் நாளே இந்த ரசனை நிலைபெற்ற நாளாகும்.

இதுவரை சொன்னவை ரசிகர் விதியைக் கற்கும் கடமை பற்றியவை. விதி வகுப்பவர்களுக்கும் ரசிகரிடம் ஒரு கடமை உண்டு. அதில் அவர்கள் தவறிவருகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். வெவ்வேறு நிறுவனங்களின் கார்கள் ஏறத்தாழச் சமமாக ஓடும்படி, வேகமான காருக்குக் கூடுதல் எடை ஏற்றியும் அதன் இயந்திர விசையைக் குறைத்தும் சரிசெய்யும் முறைக்குச் செயல்திறன் சமன்பாடு என்று பெயர் சொல்லலாம். பல நிறுவனங்கள் போட்டிக்கு வருவதற்கு இது தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் 2023இல், ல மான் பந்தயத்தின் நூற்றாண்டு விழாவுக்குச் சில நாட்களே இருந்தபோது, முந்தைய ஐந்து ஆண்டுகளும் தொடர்ந்து வென்றிருந்த டொயோட்டாவுக்கு 37 கிலோவும், ஃபெராரிக்கு 24 கிலோவும், காடிலாக்குக்கு 11 கிலோவும், போர்ஷேவுக்கு 3 கிலோவும் கூடுதல் எடை ஏற்றப்பட்டது. அரை நூற்றாண்டுக்குப் பின் ல மானின் முதன்மைப் பிரிவுக்குத் திரும்பியிருந்த ஃபெராரி, மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பார்வையாளர் முன்னிலையில் வென்றது. அந்த வெற்றிக்குப் பின்னால் இருந்த உழைப்பை யாரும் மறுக்கவில்லை. ஆனால் எடை ஏற்றப்பட்டதற்கான கணக்கு பார்வையாளர் முன் வைக்கப்படாததால், வென்றது காரா, கணக்கா என்ற ஐயம் ரசிகர் நெஞ்சில் தங்கிவிட்டது. அணிகளும் ஓட்டுநர்களும் இந்தச் சமன்பாட்டைப் பற்றிப் பொதுவெளியில் கருத்துச் சொல்லக் கூடாது என்று உலக எண்டூரன்ஸ் தொடரின் விதியே தடுக்கிறது. ஆறு நிமிட விதி கொடியது. ஆனாலும் அது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்தது, எல்லோர் கண்முன்னும் கடிகாரம் ஓடியது. அதனால்தான் 2016இல் கூட்டம் அழுதது, சந்தேகப்படவில்லை. காரணம் சொல்லப்படாத எடைக்கு அந்த மரியாதை கிடைக்காது, கிடைக்கவும் கூடாது.

புதுச்சேரியில் தங்கிவிட்ட பெத்தாங்க் ஆட்டத்தை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆறு முதல் பத்து மீட்டர் தொலைவில் கிடக்கும் சிறு மரக்குண்டுக்கு மிக நெருக்கமாகத் தன் இரும்புக் குண்டை விழச்செய்பவருக்குப் புள்ளி என்பது அதன் விதி. இரண்டு குண்டுகளில் எது நெருக்கம் என்று கண்ணால் சொல்ல முடியாதபோது ஆட்டம் நிற்கிறது. ஒருவர் மண்ணில் குந்தி, மரக்குண்டின் மேல் அளவு நாடாவின் நுனியை வைத்துப் பிடிக்கிறார். எதிரணிக்காரர் அவர் தோளுக்கு மேலாகக் குனிந்து மில்லிமீட்டரைப் படிக்கிறார். சுற்றி நிற்பவர்கள் தாங்களும் எட்டிப் பார்த்து எண்ணைச் சரிபார்க்கிறார்கள். பிறகு நாடா இரண்டாவது குண்டின் பக்கம் இழுக்கப்படுகிறது.